சிவப்பு மூடி

மார்ச் 3

மழை வருவதுபோல் இருந்தது. வரவில்லை. துணிகளை உள்ளே எடுத்துப் போட்டேன், மறுபடி வெளியே கொண்டுபோய்ப் போட்டேன்.

மாலையில் அக்காவோடு பலகை. மறுபக்கம் தெரியும் பிளாஸ்டிக் தகடு அது. அத்தான் தன் கடையிலேயே வெட்டிக் கொண்டுவந்தார். கடைப் பெயர்ப் பலகைகளுக்கு ஸ்டிக்கர் எழுத்து வெட்டுவது அவர் தொழில். தகட்டின் நடுவில் மெய்யெழுத்துகள், ஓரங்களில் உயிர். நான் இந்தப் பக்கம் பிடித்துக்கொள்வேன். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா ஒரு மெய்யைப் பார்ப்பாள், பிறகு ஓர் உயிரை. அவள் கண் எங்கே நிற்கிறதோ அந்த எழுத்தைச் சத்தமாகச் சொல்வேன். சரியென்றால் மேலே பார்ப்பாள். தப்பென்றால் கீழே.

நரம்பு நோய். முதலில் கை போனது. பிறகு குரல். பிறகு கழுத்துக்குக் கீழே எல்லாம். மிச்சம் இதுதான்: மேலே, கீழே, எழுத்து.

இன்று 'கொ' வந்ததும் "கொசுவா?" என்றேன். கீழே. முழுக்க எழுதி முடித்தாள்: கொட்டாவி விடாதே.

அக்கா கணக்கு ஆசிரியை. படி எழுதாமல் விடை மட்டும் எழுதினால் வகுப்பில் மதிப்பெண் தர மாட்டாள். எனக்கும் அதே சட்டம். ஒவ்வொரு எழுத்தாகப் படி, சத்தமாகப் படி, நிரப்பாதே. இலக்கியம் படித்தவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து என்னைப் பண்டிதர் என்றுதான் கூப்பிடுவாள். குரல் இருந்தவரை.

மார்ச் 5

எச்சில் அவளை மூழ்கடிக்கிறது. அதிகம் சுரப்பதில்லையாம், விழுங்க முடியாததுதான் சங்கடம் என்கிறார் வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டரம்மா. ஒரு சொட்டு மருந்து எழுதினார். அட்ரோபின். கண் சொட்டு. நாக்குக்கு அடியில் விட வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது கண்ணுல விடுறதும்மா. கண் பாப்பாவை விரிச்சுப் பார்க்கணும்னா போடுவாங்க."

"தெரியும். நாங்க நாக்குக்கு அடியில விடப்போறோம்."

"அப்ப கண்ணுக்கு என்ன, இருமல் மருந்தா?"

வீட்டில் வந்து சொன்னேன். அக்காவின் முகத்தில் சிரிக்கத் தசை இல்லை. கண் சிரித்தது.

மார்ச் 6

அம்மா மருந்தைத் தொட மறுத்துவிட்டாள். பாட்டிலில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது: கண்ணுக்கு மட்டும். வாயில் விடக் கூடாது.

"அச்சடிச்சே போட்டிருக்கான். அவனைவிட உனக்குத் தெரியுமா?"

டாக்டரம்மாவையே போனில் பேச வைத்தேன். தலையாட்டினாள். போனை வைத்ததும் மறுபடி லேபிளைப் படித்தாள். படித்துப் படித்துப் பாட்டிலைக் கீழே வைத்தாள். கடைசியில் நான் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துப் போட்டேன். அக்காவின் பழைய நகப்பூச்சை எடுத்து மூடியில் தடவினேன். சிவப்பு.

கண் வறட்சிக்கு ஏற்கெனவே ஒரு சொட்டு மருந்து விடுகிறோம். சரியாக இமைக்க முடியாதவள். அதே கம்பெனி, அதே அளவு பாட்டில், வெள்ளை மூடி.

எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: "சிவப்பு நாக்குக்கு. வெள்ளை கண்ணுக்கு."

அக்கா பலகையைக் கேட்டாள். எழுதினாள்: உன் முதல் நல்ல கவிதை.

மார்ச் 8

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்களிடம் இல்லாமல், அக்காவிடம் பேசினார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

மூச்சுக்கு உதவும் முகமூடி மெஷின் இனி நெடுநாள் போதாது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கலாம். மெஷின் மூச்சு விடும். வேண்டாமென்றாலும் கஷ்டமில்லாமல் பார்த்துக்கொள்வார்கள். இரண்டும் சரியான விடைதான்.

"அவசரத்துல முடிவெடுக்கிற மாதிரி வெச்சுக்காதீங்க. அடுத்த வாரம் வரேன். அதுக்குள்ள யோசிச்சு வைங்க."

வாசலில் எங்களிடம் மட்டும்: குழாய் வைத்தால் பழகிய ஆள் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். சளி உறிஞ்ச, குழாய் கழன்றால் மாட்ட. எப்போதும் என்றால் எப்போதும்.

அத்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சுவரை. ஏப்ரல் நடுவில் நான் போய்ச் சேர வேண்டிய ஊர் ரயிலில் ஒரு பகல் தூரம். அங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆய்வு. இந்த வாரம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான்.

வாசலில் பேசியது உள்ளே கேட்டிருக்குமா? காது அவளுக்கு எப்போதும் கூர்மை.

மார்ச் 9

காலையிலேயே பலகை. அத்தானும் அம்மாவும் நின்றார்கள்.

வே-ண்-டு-ம்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டார். அக்கா இன்னும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆ-னா-ல்.

அதற்குள் மூச்சு வாங்கியது. முகமூடியை மாட்டினோம். உதடு வெளுத்திருந்தது.

"மிச்சத்தை நாளைக்குச் சொல்றியா?"

மேலே.

மார்ச் 10

அம்மா வீட்டையே கழுவுகிறாள். 'வேண்டும்' அவளுக்குள் பண்டிகை வைத்துவிட்டது. முகமூடி, கரண்டி, உறிஞ்சும் குழாய், மருந்து மூடிகள் வரை எல்லாம் கொதிக்கும் நீரில். காலை முழுக்கச் சமையலறையில் ஆவி.

மதியம் அத்தான் சொட்டு மருந்துகளை விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். பலகையை எடுத்தேன். "ஆனால்?"

அக்கா வேறொன்று எழுதினாள்.

கண்ணில் கசப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். என்ன வரி. பல வருடமாக நான் எழுதிக் கிழித்த எதிலும் இது இல்லை. "அக்கா, இது எனக்கு வேணும். இதை வெச்சு நான் ஒண்ணு எழுதறேன்," என்றேன்.

கீழே. மறுபடி எழுதினாள், அதே இரண்டு சொல். இரண்டாம் முறை கண் தடுமாறியது, எழுத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியது. களைப்பு. போதும் என்று பலகையை இறக்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எச்சில் சுத்தமாக நின்றுவிட்டது. மருந்து நன்றாகக் கேட்கிறது.

கண்ணில் கசப்பு. கண்ணில் கசப்பு. இதற்குப் பின் என்ன வரும்?

மார்ச் 11

அவளால் பலகையைப் படிக்க முடியவில்லை.

கண் எங்கும் நிற்கவில்லை. வழுக்குகிறது. 'ங' என்றேன், கீழே. 'ழ' என்றேன், கீழே. பக்கத்தில் கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன். ஜன்னலைத் திறந்தால் இமையை இறுக்கிக்கொள்கிறாள். கண்ணோரம் நீர்.

அம்மா சொல்கிறாள், "கண்ணு எவ்வளவு பெருசா, பளபளன்னு இருக்கு பாரு. கல்யாணத்துல இருந்த மாதிரி."

இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இந்த நோய் கண்ணைத் தொடாதுன்னு சொன்னாங்களே. எத்தனை பேர் சொன்னாங்க. கண்ணு மட்டும் தப்பிச்சிடும்னு. அதை நம்பித்தானே எல்லாமே. உள்ளே அவ இருக்கா, முழுசா இருக்கா, கதவை யாரோ வெளியிலிருந்து பூட்டிட்டாங்க.

"தெரியலையா?" என்றேன். மேலே.

"கொஞ்சம்கூட?" கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்ச் 12

டாக்டரம்மா வெளியூரில். போனில் கேட்டார். டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். கண் பாப்பா சுருங்குகிறதா? இல்லை. இரண்டும் அப்படியே, கிணறுபோல.

பிறகு மெதுவாக, "கண்ணுல எந்த பாட்டிலை விடுறீங்க?"

"வெள்ளை மூடி."

"மூடியை விடும்மா. பாட்டில்ல என்ன எழுதியிருக்கு?"

எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் உரித்த பாட்டில்.

சிவப்பு மூடிக்குக் கீழே இருந்ததில் லேபிள் இருந்தது. கண் வறட்சிக்கு.

கழுவிய மூடிகளை அம்மா மாற்றிப் போட்டிருக்கிறாள். மூடியை மட்டும் பார் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அத்தான் மூடியை மட்டும் பார்த்தார். நானும் பார்த்தேன், நேற்றுக் காலை, நேற்று மதியம், என் கையாலேயே. ஒரு சொட்டை விரலில் விட்டு நக்கினேன். கசப்பு.

டாக்டரம்மா சொன்னார்: பார்வை தானாகத் திரும்பும். ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கிட்டப் பார்வைதான் போயிருக்கும், வெளிச்சம் கூசும். எச்சில் வற்றியதற்கும் அதுதான் காரணம். கண் வழியாகவும் உடம்பில் சேரும்.

"கண்ணுல விட்டது மூக்கு வழியா தொண்டைக்கு இறங்கும். நல்லா கசந்திருக்குமே. அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

சொன்னாள்.

இரண்டு முறை சொன்னாள்.

அதே நாள், பிறகு

"நான்தானே கழுவினேன்," அம்மா. "நான்தான் முதல்ல விட்டேன்," அத்தான். ஆளுக்கொரு பங்கு கேட்டு நிற்கிறோம். அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். லேபிளிலிருந்து. கசப்பு வரைக்கும். மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை.

அந்த லேபிள் ஒன்றுதான் இந்த வீட்டில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மார்ச் 13

அம்மாவின் படிக்கும் கண்ணாடியை அக்காவுக்கு மாட்டினோம். எழுத்து கொஞ்சம் தெரிகிறதாம். மேலே பார்த்தாள். ஆனால் கண்ணாடியில் விளக்கு பளிச்சிடுகிறது, அதற்குப் பின்னால் அவள் கண் எனக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரையை விலக்கினால் அவள் மூடிக்கொள்கிறாள்.

வெளிச்சத்தில் என் பலகை அவளுக்கு இல்லை. இருட்டில் அவள் கண் எனக்கு இல்லை.

அம்மாவின் கண்ணாடி அவள் மூக்கில் நழுவி நழுவி இறங்கியது. அத்தான், "ஸ்கூல் பசங்க பார்த்தா நடுங்குவாங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே எழுந்து போய்விட்டார்.

மார்ச் 14

மூச்சு மேலும் மோசம். பகலிலும் முகமூடி. மயக்கம்போல் தூங்குகிறாள்.

விழித்திருந்தபோது அத்தான் கேட்டார்: "குழாய் வேணும், அதுல மாற்றம் இல்லையே?"

மேலே. உடனே கீழே.

அதுதான் அந்த 'ஆனால்'.

ஆளுக்கு ஆள் கேட்டோம். வலிக்கக் கூடாது, அதுவா? கீழே. ஆஸ்பத்திரியில் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டுமா? கீழே. ரொம்ப நாள் வேண்டாமா? கீழே. யாரும் வந்து பார்க்கக் கூடாதா? கீழே. அம்மா: "என்னை நினைச்சுக் கவலைப்படுறியா?" ஒரு நொடி தயங்கினாள். கீழே. அத்தான் தொண்டையைச் செருமி, அறையை விட்டு எங்களைப் போகச் சொல்லிவிட்டு ஏதோ கேட்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "அதுவும் இல்லையாம்."

எங்கள் பயங்களை எல்லாம் வரிசையாக அவள் முன் வைத்தோம். ஒன்றும் அவளுடையது இல்லை.

மார்ச் 15

எழுத்துகளை நானே வாய்விட்டுச் சொல்வது, வேண்டிய இடத்தில் அவள் மேலே பார்ப்பது. ஏன் முன்பே தோன்றவில்லை? படித்த முட்டாள். திரையைப் பாதி மூடி, கட்டிலுக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். க, ங, ச...

தூங்கிப் போனாள். எழுப்பினேன். மறுபடி. தூங்கினாள். எழுப்பவே கூசியது.

'ப' என்றபோது மேலே பார்த்தாள். தெளிவாக. 'அ' என்றபோதும்.

ப.

அவ்வளவுதான். பிறகு கண் திறக்கவில்லை.

"பயம்," அம்மா. "படுக்கை. படுக்கை உறுத்துதோ என்னவோ," அத்தான். நான் பகல், பசி, பழி என்று போய்க்கொண்டிருந்தேன். நிரப்பாதே என்றவள் தூங்குகிறாள், நாங்கள் மூவரும் ஓர் எழுத்தைச் சுற்றி உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 16

காலை. உதடு நீலம். எழுப்ப எழுப்ப எழவில்லை. ஆம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், நின்றபடியே: "குழாய் வைக்கலாமா, வேண்டாமா? பேஷன்ட் என்ன சொல்லியிருக்காங்க?"

"வேணும்னு சொன்னா," அத்தான்.

"ஆனால்னும் சொன்னா," நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆனால் என்ன?"

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்.

அத்தான் கையெழுத்துப் போட்டார். கடைப் பலகைக்கு அளவெடுப்பதுபோல் நிதானமாகப் போட்டார். பிறகு பேனாவை மூட முடியவில்லை. நான் வாங்கி மூடினேன்.

மார்ச் 18

குழாய் வைத்தாயிற்று. மெஷின் மூச்சு விடுகிறது. இறங்கும்போது ஒரு சின்ன விசில். மயக்க மருந்தில் தூங்குகிறாள். முகம் சாந்தமாக இருக்கிறது என்கிறாள் அம்மா. தசை இல்லாத முகம் வேறெப்படி இருக்கும்?

குழாய்க்குள் சளி உறிஞ்ச நர்ஸ் கற்றுக்கொடுத்தார். எனக்குச் சீக்கிரம் வந்தது. அத்தானின் கை தடுமாறுகிறது. "நீங்கதான் பார்த்துக்கப்போறீங்களா?" என்றார் நர்ஸ். ஆமாம் என்றேன்.

பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து வர இயலாது என்று சொல்லிவிட்டேன். வரவில்லை என்பதா, வர முடியவில்லை என்பதா என்று யோசித்தேன். போனை எடுத்த அம்மாள், "சரிம்மா," என்றார். அவ்வளவு சுலபம்.

மார்ச் 22

விழித்திருக்கிறாள். கண் பாப்பா இன்னும் பெரிது. "கோபமா?" என்றேன். கீழே. அதை நம்ப எனக்குத் துணிவில்லை.

மார்ச் 26

வலது கண் டார்ச்சுக்குச் சுருங்கியது. கொஞ்சம். சோம்பலாக.

மார்ச் 29

இன்று பலகை.

கண் பழையபடி. சின்னக் கருப்பு. அதில் வார்டு ஜன்னல் தெரிந்தது. அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தான் ஜன்னலருகே கடைப் பையனோடு போனில், யாருடைய பலகையிலோ எழுத்துப் பிழை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனால்?" என்றேன்.

ப-ண்-டி-த-ர்.

என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இத்தனை நாள் கழித்து. "சொல்லுக்கா," என்றேன். கண் நிற்கவில்லை, எழுதிக்கொண்டே போனது. போ. க. ணு. ம்.

நான் சத்தமாகப் படிக்கவில்லை.

பண்டிதர் போகணும்.

அந்த 'ப'. எங்கள் பயங்களுக்கு நடுவில் யாருமே கேட்காத ஒன்று. நானே கேட்காத ஒன்று. நான் ஆய்வுக்குப் போவதானால் அவளுக்குக் குழாய் வேண்டும். இல்லையென்றால்? அவள் போட்ட கணக்கில் அந்தப் பக்கம் என்ன இருந்தது? குழாய் இப்போது தொண்டையில் இருக்கிறது.

அத்தான் வந்தார். "என்ன சொல்றா?"

"தலையணை உயரமா இருக்காம்."

எப்படி வந்தது அது? தயாராக வைத்திருந்ததுபோல் வந்தது.

அத்தான் தலையணையைத் தட்டித் தாழ்த்தினார். அக்கா கீழே பார்த்தாள். "இன்னும் இறக்கணுமா?" கீழே. தலையணையையே எடுத்துவிட்டார். அவள் தலை தட்டையாக மெத்தையில். கீழே. கீழே. அவளுக்குக் கையில்லை, குரலில்லை, நான்தான் வாய். என் வாய் மூடியிருந்தது.

அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு என்னை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"பலகையைக் குடு."

"நான் படிக்கிறேன் அத்தான்."

"குடும்மா."

அவருக்குப் பலகை வராது. ஆயிரம் எழுத்து வெட்டியவர், அவள் கண் எதில் நிற்கிறது என்று பிடிக்கத் தெரியாது. ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்டார். "ப-வா? ம-வா? ப. சரி. அடுத்தது? ன்-னா? இல்ல? ண்-ணா? ண். இரு, எழுதிக்கறேன்." கையிலேயே பேனாவால் எழுதினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம். என்ன வரப்போகிறது என்று தெரிந்த ஒரு வாக்கியம், ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் எதையும் நிரப்பவில்லை. நிரப்ப அவருக்குத் தெரியாது. 'போ' வந்த பிறகும் அடுத்த எழுத்தைக் கேட்டார்.

கடைசி 'ம்' வந்ததும் உள்ளங்கையைப் பார்த்து முழுதாகப் படித்தார். சத்தமாக. அடுத்த கட்டிலிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"இதுதானா? அன்னையிலிருந்து இதுதானா?"

மேலே.

அத்தான் தலையணையை எடுத்து அவள் தலைக்கடியில் வைத்தார்.

ஏப்ரல் 1

போன் செய்தேன். இடம் இன்னும் காலியாம். வேறு யாரையாவது எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தான் சளி உறிஞ்சப் பழகுகிறார். கை நடுங்குகிறது. தினமும் கொஞ்சம் குறைவாக நடுங்குகிறது. பாதிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார். "என்னைக்கு நீ போகக் கூடாதுன்னு நான் சொன்னேன்?" என்கிறார். போ என்றும் சொல்லவில்லையே அத்தான். யாருமே சொல்லவில்லையே.

அம்மா: "போயிட்டு வா. அவர் மூணு எழுத்துப் படிக்கிறதுக்குள்ள எனக்கு உலை கொதிச்சிடும். பரவாயில்ல."

அக்காவிடம் கேட்டேன். "நான் இருந்தா உனக்கு நல்லதுதானே?"

மேலே.

"அப்புறம்?"

பலகை கேட்டாள். எழுதினாள்: படி.

படிப்பா, கணக்கில் எழுதும் படியா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 21

இங்கே என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை. குழாய்விளக்கு இமைக்கிறது. எதிர் அறைப் பெண் நல்லவள், சத்தமாகப் படிப்பவள். கண்ணில் கசப்பு என்ற வரியை எங்கும் எழுதவில்லை. எழுத மாட்டேன்.

மாலையில் வீட்டிலிருந்து அத்தான் போன். "உங்கக்கா உனக்கு என்னமோ சொல்லணுமாம். இரு, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டார். மெஷின் மூச்சு கேட்டது. ஏற்றம், இறக்கம், அந்தச் சின்ன விசில். பின்னால் அம்மா எதையோ கழுவிக்கொண்டிருந்தாள்.

"க்," என்றார் அத்தான்.

நீண்ட நேரம்.

"க்-தானே? சரி. அடுத்தது... ஓ-வா? இல்லையா? ஒ. சின்ன ஒ. கொ."

எனக்கு நாக்கு நுனியில் சொல் நின்றது. ஒன்றல்ல, நான்கைந்து.

வாயை மூடிக்கொண்டு, அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தேன்.